பேரீச்சையின் வரலாறு: கேள்வி பதில்

கேள்வி: பண்டைய மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக்கில்) பேரீச்சை தானாகக் காய்த்ததா, வளர்க்கப்பட்டதா?

பதில்: வளர்க்கப்பட்டது. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பினால் மகசூல் சொற்பமே. ஆகவே உழவர் மரமேறி, வெடித்த ஆண் பாளையிலிருந்து மகரந்த மாவு உதிரும் பூச்சரத்தை ஒடித்து, பெண் பாளைக்குள் செருகிக் கட்டுகிறார். ஏறக்குறைய கி.மு. 1750ஐச் சேர்ந்த, பாபிலோனிய அரசன் ஹமுராபியின் சட்டத்திலேயே இவ்வேலைக்குக் கூலி வகுக்கப்பட்டிருக்கிறது: மகரந்தம் சேர்க்கத் தோப்பை ஏற்ற தோட்டக்காரனுக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு, உடையவனுக்கு இரண்டு பங்கு, தோட்டக்காரனின் அசட்டையால் மகசூல் குறைந்தால் அண்டைத் தோப்பின் விளைச்சலை அளவாகக் கொண்டு ஈடு தரவேண்டும்.

கேள்வி: கடைப் பழத்தின் கொட்டையை நட்டால் காய்க்குமா?

பதில்: முளைக்கும். ஆனால் கிட்டத்தட்ட பாதி ஆணாகவே போகும்; பெண்ணானாலும் தாய்மரத்துப் பழம் வராது. பக்கக்கன்றோ திசு வளர்ப்புக் கன்றோ நடுங்கள்.

கேள்வி: அசீரியரின் பழைய தலைநகரான நிம்ரூத்தின் அரண்மனைச் சிற்பங்களில் கூம்பும் வாளியும் ஏந்திய சிறகு மனிதர்கள் செய்வது மகரந்தச் சேர்க்கைதானே?

பதில்: 1890இல் ஆங்கிலேய மானிடவியலாளர் டைலர் அப்படித்தான் விளக்கினார், கூம்பை ஆண் பூங்கொத்தாகக் கண்டார். எனக்கு உடன்பாடில்லை. அக்கூம்பு சிற்பத்திலுள்ள மரத்தை நோக்கி மட்டுமல்லாமல் அரசனை நோக்கியும் நீட்டப்படுகிறது. மெசொப்பொத்தேமியாவின் பண்டைய மொழியான அக்காதியத்தில் அதன் பெயரான ‘முல்லிலு’வுக்குத் ‘தூய்மை செய்வது’ என்றே பொருள்.

கேள்வி: அரசனையும் செழிக்கச் செய்யும் சடங்காக அது இருக்கலாமே? கூம்பின் வடிவம் பூங்கொத்தைப் போலத்தானே உள்ளது?

பதில்: வடிவ ஒற்றுமை மட்டும் சான்றாகாது. தோப்பு வேலையிலிருந்து சடங்கு பிறந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அச்சிற்பத்தைத் தோட்டக்காரனின் வேலைக்குச் சான்றாகக் காட்டுவது தவறு. அதற்கு ஹமுராபியின் சட்டம் இருக்கிறது.

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் உண்ணலாமா?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: இஸ்ரேலின் பழங்கோட்டையான மசாதாவில் கிடைத்த ஈராயிரம் ஆண்டு பழைய கொட்டை முளைத்ததே, நம் வீட்டுக் கொட்டை மட்டும் ஏன் ஆகாது?

பதில்: முளைக்காது என்று நான் சொல்லவே இல்லை. 2005இல் நடப்பட்ட அக்கொட்டையும் ஆண் மரமாகத்தான் வளர்ந்தது. மேலே எச்சரித்தது இதைத்தான்.

கேள்வி: மெஜூல் என்ற பேரீச்சை வகையின் கொட்டையாவது?

பதில்: மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், வேண்டாம். மொராக்கோவில் வாடல் நோய் தோப்புகளை அழித்துவந்த 1927இல், அமெரிக்கர் அங்கிருந்து கொண்டுசென்றவை கொட்டைகள் அல்ல, 11 பக்கக்கன்றுகள். அவற்றில் 9 பிழைத்தன. கலிபோர்னியாவின் மெஜூல் தோப்புகள் அவற்றிலிருந்தே பெருகின.