வேதியியலில் 43 வந்துவிட்டது, குரூப்பை மாற்றிவிடலாமா?

வணக்கம் அம்மா. மார்க் ஷீட்டோடு விடைத்தாளையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 43 என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நானும் பயந்திருப்பேன். பிளஸ் ஒன் பாதியில் குரூப் மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

மோல் கணக்குகளை உங்கள் மகள் சுத்தமாகப் போட்டிருக்கிறாள். மார்க் போனதெல்லாம் ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரானை இழப்பது), ஒடுக்கம் (எலக்ட்ரானை வாங்குவது) வரும் கேள்விகளில்தான். சில்வர் நைட்ரேட் கரைசலோடு சோடியம் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் நடப்பது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையா என்று கேட்டிருக்கிறார்கள். 'ஆம், இரண்டுமே அயனிச் சேர்மங்கள்', அதாவது மின்சுமை உள்ள துகள்களால் ஆனவை, என்று எழுதியிருக்கிறாள். தப்புதான், ஆனால் படிக்காத பிள்ளை எழுதும் தப்பு இல்லை. சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க, குளோரின் வாங்கிக்கொள்ள, உப்பு உண்டாகிறது என்று பத்தாம் வகுப்புக்கு முன்பே படித்திருப்பாள். அங்கே சோடியம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, குளோரின் ஒடுக்கம் அடைகிறது. அது சரி. அதிலிருந்து, அயனி வந்தாலே எலக்ட்ரான் கைமாறுகிறது என்று முடிவு கட்டிவிட்டாள்.

நீங்கள் தூத்துக்குடிக்காரர்கள் என்பதால் இதை விளக்க வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. உப்பளப் பாத்தியில் வெயில் ஏறி உப்பு பூக்கிறதே, அங்கே எலக்ட்ரான் எதுவும் கைமாறவில்லை. கடல்நீரிலேயே சோடியம் +1 ஆகவும் குளோரைடு -1 ஆகவும்தான் இருந்தன. இந்த +1, -1 தான் ஆக்சிஜனேற்ற எண்; எலக்ட்ரானை இழந்தால் கூடும், வாங்கினால் குறையும். தண்ணீர் ஆவியானது, அயனிகள் நெருங்கிப் படிகமாயின, அவ்வளவுதான். உப்பை மறுபடி தண்ணீரில் கரைத்தாலும் இதே கதைதான். அதே உப்புக் கரைசலில் சாகுபுரம் காஸ்டிக் சோடா ஆலையில் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். இப்போது குளோரைடு எலக்ட்ரானை இழந்து குளோரின் வாயுவாகிறது. -1 இருந்தது 0 ஆகிறது. மறுமுனையில் தண்ணீர் எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. இதில் சோடியத்தின் எண் மாறவே இல்லை. +1 ஆகவே இருந்து, காஸ்டிக் சோடாவில் போய்ச் சேருகிறது. பாத்தியில் நடக்காத ஆக்சிஜனேற்ற ஒடுக்கம் ஆலையில் நடக்கிறது. சேர்மம் என்னவோ ஒன்றேதான்.

அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். சமன்பாட்டை எழுதியதும் ஒவ்வொரு தனிமத்தின் தலையிலும் ஆக்சிஜனேற்ற எண்ணைப் போடச் சொல்லுங்கள். சில்வர் நைட்ரேட் வினையில் சில்வர் முன்னும் பின்னும் +1, குளோரின் -1. எதுவும் மாறவில்லை, கரையாத திடப்பொருள் அடியில் படிகிற வெறும் வீழ்படிவு. காப்பர் சல்பேட்டில் துத்தநாகத்தைப் போட்டால் துத்தநாகம் 0 விலிருந்து +2, காப்பர் +2 விலிருந்து 0. மாறிவிட்டது, அதனால் ஆக்சிஜனேற்ற ஒடுக்கம். இரண்டு வாரம் தினமும் நாலைந்து சமன்பாடு போதும். இதற்கென்று தனி டியூஷன் வைத்துப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

இதை இப்போதே சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம், பிளஸ் டூவில் மின்வேதியியல் பாடம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-இல் வேதியியலுக்கு 50 தான், கணக்குக்கு 100. அவள் கணக்கில் நன்றாகவே இருக்கிறாள். ஒரு பாடத்துக்குப் பயந்து அதையும் சேர்த்துத் தூக்கிப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேற்படிப்புக்கு என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்டது. அங்கேயே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிக்கலாம். சேர்க்கை விவரத்தை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள், பழைய தகவலை நம்பாதீர்கள். பேட்டரி, முலாம் பூசுதல், கப்பலும் பாலமும் துருப்பிடிக்காமல் காப்பது எல்லாம் இந்தத் துறைதான். பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல் வழியாகவும் இதற்குள் வரலாம்.

இன்னொன்று. செல்போன் பேட்டரி பற்றிய ஒரு மார்க் கேள்வியில் சார்ஜ் ஏற்றும்போது ஆக்சிஜனேற்றம் அடைவது லித்தியம் அயனி என்று எழுதியிருக்கிறாள். பேட்டரியின் ஒரு முனையில் இருக்கும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடிலிருந்து லித்தியம் +1 ஆகவே வெளியேறுகிறது, எலக்ட்ரானை இழப்பது கோபால்ட், +3 இலிருந்து +4-க்கு. இதை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எண்களைப் போட்டு அவளே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பிறகும் குரூப் மாறத்தான் வேண்டும் என்று அவளே சொன்னால் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.