எபேசு வாசலில் கிடைக்கும் ஆந்தை நாணயம்: 150 யூரோவுக்கு வாங்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். பழைய நாணயங்கள் சேர்க்க ஆசை, இப்போதுதான் தொடங்குகிறேன். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு துருக்கி போனபோது, எபேசு இடிபாடுகளுக்கு வெளியே ஒரு பெரியவர், வயலில் உழும்போது கிடைத்தது என்று கிரேக்க வெள்ளி நாணயங்களைக் காட்டினார். ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் ஆந்தை. ஒன்று 150 யூரோ என்றார். அப்போது வாங்கவில்லை. இப்போது அவருடைய மருமகன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, சான்றிதழோடு தபாலில் அனுப்பி வைப்பதாகச் சொல்கிறார். எடை 17 கிராமுக்கு மேல், காந்தத்தில் ஒட்டாது என்கிறார். அலெக்சாண்டரின் அப்பா காலத்துத் தங்கக் காசும் இருக்கிறதாம். வெள்ளியில் ஒன்றாவது வாங்கலாமா? அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: வாங்க வேண்டாம். வெள்ளியும் வேண்டாம், தங்கம் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தை இன்னொரு முறை திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளங்கையில் மூன்று ஆந்தைகள் இருக்கின்றன. ஆந்தையின் கால் நகத்துக்குக் கீழே, விளிம்பில் ஒரு சின்ன வெடிப்பு தெரியும், அரிசி முனை அளவுக்கு. மூன்றிலும் அது அதே இடத்தில் இருக்கிறது. வலது ஓரத்தில் அல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்று மூன்று எழுத்துகள். ஏதென்ஸ் என்பதன் முதல் எழுத்துகள் அவை. மூன்றாவது எழுத்தின் கால் பாகம் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. அதுவும் மூன்றிலும் அதே அளவு. இதற்கு மேல் எனக்குத் தராசும் தேவையில்லை, பூதக்கண்ணாடியும் தேவையில்லை.

ஏதென்சில் இதை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கிவிடும். வெள்ளியில் ஒரு வில்லையை எடுத்து, கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு வைத்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அச்சு ஒன்றாக இருக்கலாம், ஆனால் வில்லை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளி உட்காரும். ஒன்றில் அந்தப் பெண்ணின், அதாவது அதீனா தேவியின், தலைக்கவசக் கொண்டை வெட்டுப்படும், ஒன்றில் ஆந்தையின் வால். வெடிப்பு எங்கே வரும் என்று அடித்தவனுக்கே தெரியாது. ஒரே கல்லில் ஒரே கரண்டியால் ஊற்றிய தோசைகள்கூட ஓரத்தில் ஒன்றுபோல் வருவதில்லை அல்லவா? ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் நாணயங்கள் கிடைக்கலாம். ஒரே வெடிப்போடு இரண்டு அசல் நாணயங்கள் கிடைக்காது. அப்படிக் கிடைத்தால் ஒரு நாணயத்திலிருந்து வார்ப்பு எடுத்து மற்றவற்றைச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வியாபாரியிடம் ஆந்தை ஒன்று வாங்கினேன். 17.18 கிராம், கச்சிதம். இரண்டு வருடம் பெட்டியில் வைத்துப் பூரித்துப் போயிருந்தேன். பிறகு ஒரு ஏலப் பட்டியலில் அதே ஆந்தை, கன்னத்தில் அதே கீறலோடு, வேறொரு நாட்டில் விற்பனைக்கு வந்திருந்தது. என்னுடையது பெட்டியில் இருக்க, அது எப்படி அங்கே போகும்? அன்றிலிருந்து எந்த நாணயத்தைப் பார்த்தாலும், முதலில் அதன் இரட்டைப் பிறவி எங்காவது இருக்கிறதா என்று பழைய பட்டியல்களில் தேடிவிட்டுத்தான் மற்றது.

சரி, எடையும் காந்தமும். இந்த ஆந்தை, அதாவது ஏதென்சின் நான்கு டிராக்மா (டிராக்மா என்பது பழைய கிரேக்கக் காசு அலகு) நாணயம், சுமார் 17.2 கிராம் என்பது நமக்குத் தெரிந்ததைப் போலவே போலி செய்பவனுக்கும் தெரியும். எடை தவறினால் சந்தேகப்படலாம், எடை சரியென்பதால் நம்ப முடியாது. காந்தத்தில் வெள்ளி ஒட்டாது. செம்பும் ஈயமும்கூடத்தான் ஒட்டாது. அப்புறம் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, காசைச் சுண்டிவிட்டு ஓசை கேட்பது. தயவுசெய்து பழைய வெள்ளியில் அதைச் செய்யாதீர்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணில் கிடந்த வெள்ளி சில நேரம் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அசலாக இருந்தால் கல்தரையில் விழுந்து இரண்டாகப் போகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒன்றுதான். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். 17.2 கிராம் நல்ல வெள்ளிக்குத் தராசு ஏறக்குறைய 1.65 காட்டும். 1.9 பக்கம் போனால் உள்ளே செம்பு. ஆனால் இதுவும் உலோகத்தைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. 1830-ல் இறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர், போலி செய்வதில் பேர்போனவர், மலிவான அசல் பழைய நாணயங்களின் மேலேயே தன் அச்சை வைத்து அடித்தார். உலோகம் அசல், வயது அசல், உருவம் மட்டும் பொய். அதை எந்தத் தராசு பிடிக்கும்?

தங்கத்துக்கும் இதே கதைதான், நஷ்டம் மட்டும் பெரிது. அலெக்சாண்டரின் அப்பா இரண்டாம் பிலிப்பின் ஸ்டேட்டர் என்ற தங்க நாணயம் 8.6 கிராம், நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்று மேல். தங்கம் கறுக்காது, அரிக்காது. வெள்ளியில் காலம் ஏற்றும் கறை இதில் இல்லாததால் கண்ணுக்குப் பிடிமானமே கிடையாது. உரைகல்லில் உரசிப் பார்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உரைகல்லைக் கிரேக்கர்கள் லிடியக் கல் என்றார்கள். லிடியா என்பது எபேசுவை ஒட்டிய நாடு, குரோசஸ் அரசன் தங்க நாணயம் அடித்த சார்டிஸ் அதன் தலைநகர். ஆனால் உரைகல் மாற்றைத்தான் சொல்லும். போலி செய்பவனும் நல்ல தங்கத்தில்தான் செய்கிறான், அசல் விற்கிற விலைக்கு அவனுக்கு அது கட்டுபடியாகும். உரசிய தழும்புதான் உங்களுக்கு மிஞ்சும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்கள் ஆள் நாளைக்கு இதைத்தான் எடுத்து வீசுவார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெட்டிப் பார்த்து உள்ளே செம்பு தெரிந்தால் அது எப்போதும் இந்தக் காலத்துப் போலி என்று அர்த்தமில்லை. ஸ்பார்ட்டாவோடு நடந்த நீண்ட போரில், கி.மு. 413-ல் எதிரிகள் ஏதென்சுக்கு அருகே டெகெலியாவில் கோட்டை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். லாரியம் வெள்ளிச் சுரங்கத்துக்குப் போகும் வழி ஆபத்தாகி, அடிமைகள் ஆயிரக்கணக்கில் ஓடிப்போனார்கள். வெள்ளி வரத்து நின்றதும் ஏதென்ஸ் தன் தங்க வெற்றித் தேவதைச் சிலைகளை உருக்கித் தங்க நாணயம் அடித்தது. அதுவும் போதாமல், கி.மு. 406 வாக்கில் செம்பின் மேல் வெள்ளி போர்த்திய நாணயத்தை அரசே வெளியிட்டது. மறுவருடம் மேடையேறிய அரிஸ்டோஃபனீசின் ‘தவளைகள்’ நாடகத்தில், நல்ல காசை விட்டுவிட்டு நேற்று அடித்த இந்தக் கேடுகெட்ட செம்பைப் புழங்குகிறோமே என்று ஒரு புலம்பல் வருகிறது.

தனியாட்கள் செய்த முலாம் நாணயங்களும் அந்தக் காலத்திலேயே உண்டு. கி.மு. 375-ல் நிகோஃபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது, 1970-ல் ஏதென்சின் பழைய சந்தைத் திடலான அகோராவில் தோண்டி எடுத்தார்கள். சந்தையில் காசு மாற்றும் மேசைகளுக்கு நடுவே ஒரு அரசு அடிமை உட்கார்ந்து ஆந்தைகளைச் சோதிக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அந்த இடத்திலேயே வெட்டி, தெய்வங்களின் தாய்க்கு உரியதாக்கிவிட வேண்டும். வேலைக்கு வராமல் இருந்தால் அவருக்கு 50 கசையடி. பல ஆந்தைகளில் ஆழமான வெட்டுத் தழும்பு இருப்பதற்கு இப்படிப்பட்ட சோதனைகள்தான் காரணம். ஆக, பழைய முலாம் ஆந்தை என்று ஒரு பொருள் உண்மையிலேயே உண்டு, அதைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முலாமுக்கும் செம்புக்கும் நடுவே பச்சை பூத்து, அங்கங்கே தோல் உரிந்ததுபோல் இருக்கும் அதற்கும், மூன்றிலும் ஒரே வெடிப்போடு பளபளக்கும் உங்கள் படத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் பெரிய கவலை. இது போலியாக இருந்தால் 150 யூரோவோடு போயிற்று. அசலாக இருந்தால்தான் ஆபத்து. துருக்கியில் மண்ணுக்குள் கிடைப்பது அரசுக்குச் சொந்தம், 1983-ல் வந்த 2863-ஆம் எண் சட்டம் அதை வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. கிரேக்கத்திலும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. 2017-ல் துருக்கியின் போட்ரும் விமான நிலையத்தில் ஒரு பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணி, கடலில் முக்குளித்தபோது கிடைத்த 13 பழைய நாணயங்களோடு பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அவர் வியாபாரியே அல்ல. 1984-ல் துருக்கியின் எல்மலி அருகே தோண்டிக் கடத்திய சுமார் 1,900 வெள்ளி நாணயங்களில் பெரும்பகுதியை, அவற்றை வாங்கி வைத்திருந்த பெரும் பணக்காரர்களே வழக்கு நடத்தித் தாக்குப்பிடிக்க முடியாமல் 1999-ல் துருக்கிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வயலில் கிடைத்தது என்று அந்தப் பெரியவர் சொல்வது உண்மையானால், அது அவர் தன் வாயாலேயே தரும் வாக்குமூலம். உங்கள் வாட்ஸ்அப்பில் அது எழுத்தாகவும் இருக்கிறது. ஜெர்மனியிலும் 2016 முதல் சட்டம் கடுமை, பொருள் பிறந்த நாட்டிலிருந்து முறையாக வெளியேறியதற்குக் காகிதம் கேட்பார்கள்.

சான்றிதழ் தருகிறார் என்கிறீர்கள். யார் கையெழுத்து? விற்பவரே அடித்த காகிதத்துக்குப் பெயர் சான்றிதழ் அல்ல. பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் போட்டு வருவதையும் அப்படியே நம்பாதீர்கள், அந்தப் பெட்டிகளிலும் போலி வருகிறது. பெரிய இடத்திலும் இதே கதைதான். சீசரைக் கொன்ற புரூட்டசின் தங்க நாணயம் ஒன்று 2020-ல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. முன்பு யாரிடம் இருந்தது என்று காட்டிய வரலாறு பொய் என்று தெரியவந்து, 2023-ல் அது கிரேக்கத்துக்குத் திரும்பியது.

இந்த நாணய வியாபாரம் நடக்கும் முறையின் மேல் எனக்குப் பொறுமை போய்ப் பல வருடமாகிறது. ஏலப் பட்டியலில் ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்று மூன்று சொல் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். யாருடையது, எந்த வருடம் என்று கேட்டால் ரகசியம் என்கிறார்கள். அருங்காட்சியகத்திடம் அசலா என்று கேட்டால், விற்பனைக்கு உள்ள பொருளுக்குக் கருத்துச் சொல்ல மாட்டோம் என்று பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்கும் புதியவர் கடைசியில் வாட்ஸ்அப் மருமகனிடம்தான் போய் நிற்கிறார். தப்பு அவர் மேல் மட்டும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த எண்ணுக்குப் பதில் போடாதீர்கள், முன்பணம் எதுவும் அனுப்பாதீர்கள். வாங்குவதானால், 1951-ல் தொடங்கிய சர்வதேச தொழில்முறை நாணய வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினராக உள்ள கடையில் வாங்குங்கள். அசல் என்பதற்கு எழுத்தில் உத்தரவாதமும், இதற்கு முன் எந்த ஏலத்தில், எந்த வருடம் விற்றது என்ற விவரமும் ரசீதிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஏலமானால் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு, மேல் இருபது சதவீதம் போலக் கட்டணம் வரும், அதையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

முதல் நாணயமே ஆந்தையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுமாரான ஆந்தைக்கே சில நூறு யூரோ ஆகும். எபேசுவுக்குத் தெற்கே இருந்த மிலேட்டஸ் நகரத்தின் குட்டி வெள்ளி ஒன்று உண்டு: 1.2 கிராம்தான், சட்டைப் பொத்தான் அளவு. ஒரு பக்கம் வாய் திறந்த சிங்கத்தின் தலை, மறுபக்கம் பூப்போல விரியும் நட்சத்திரம். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் தொடங்கி நிறைய அடித்தார்கள், அதனால் உங்கள் 150 யூரோவுக்குள் ரசீதோடு நல்ல நிலையிலேயே கிடைக்கும். வாங்கும் முன் படத்தையும் ரசீதின் நகலையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.