ஏர் பியூரிஃபையர் வாங்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்

கேள்வி: பெரிய சாலையை ஒட்டி வீடு. மனைவிக்கு ஏழாவது மாதம். அப்பாவுக்கு 72 வயது, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? அயனைசர் (காற்றில் மின்னேற்றம் செய்யும் பாகம்) உள்ள ஒரு மாடலை ஹாலில் வைத்தால் வீடு முழுக்கச் சுத்தமாகிவிடும் என்கிறார் விற்பனையாளர்.

பதில்: வாங்கலாம். ஆனால் அவர் சொல்லும் மாடல் வேண்டாம். ஒரே கருவி வீடு முழுவதற்கும் போதும் என்பவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் கமிஷன் பேசுகிறது.

உங்கள் பயம் நியாயமானது. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட தூசு மூக்கில் நிற்காது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். கர்ப்ப காலத்தில் அது அதிகமானால் குறைப்பிரசவத்துக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிறந்த பிறகும் குழந்தையின் நுரையீரல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அப்பாவின் வயதில் இதே தூசு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தூண்டும். 24 மணி நேரச் சராசரி, ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொல்லிவிட்டது. செல்போன் செயலி காட்டும் காற்றுத் தர எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது எங்கோ இருக்கும் நிலையத்தின் கணக்கு. உங்கள் ஜன்னலுக்குக் கீழே பஸ் நின்று உறுமுவது அதற்குத் தெரியாது.

மனைவியும் அப்பாவும் தூங்கும் அறைகளுக்குத் தனித்தனிக் கருவி வையுங்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் அறையின் கொள்ளளவு சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று வடிகட்டப்பட வேண்டும், ஆக சி.ஏ.டி.ஆர்., அதாவது கருவி ஒரு மணி நேரத்தில் தரும் சுத்தமான காற்றின் அளவு, குறைந்தது 170 கனமீட்டர். இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெட்டியில் போட்டிருப்பது உச்ச வேகத்தில் எடுத்த எண். அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது. இரவில் 'ஸ்லீப்' பொத்தானை அழுத்தியதும் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் 350 வரை உள்ளதாக வாங்கி, நடுவேகத்தில் ஓட்டுங்கள்.

வடிகட்டி உண்மையான ஹெப்பாவாக (மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் வகை) இருக்க வேண்டும், எச்13 என்ற தரக்குறி போட்டிருந்தால் நல்லது. 'ஹெப்பா டைப்' என்பது வெறும் சொல்ஜாலம். அதை அச்சிட எப்படித்தான் விடுகிறார்களோ! கண்ணாடிப் பெட்டிக்குள் புகையை விட்டு நொடியில் தெளியவைத்துக் காட்டுவார்கள். அத்தனை சின்னப் பெட்டியை எந்த வடிகட்டியும் தெளியவைக்கும், உங்கள் அறை அதைவிடப் பல மடங்கு. அயனைசர் அடியோடு வேண்டாம். பல அயனைசர்கள் ஓசோனைக் கக்கும், அதுவே நுரையீரலை அரிக்கும் வாயு. மழை பெய்த மாதிரி வாசனை வருகிறது என்று பெருமையாகச் சொன்னால், அது ஓசோனாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குள் சிகரெட்டும் கொசுவத்திச் சுருளும் எரிந்துகொண்டிருந்தால் கருவி வாங்குவதே வீண்.

ஜன்னலை மூடித்தான் ஓட்ட வேண்டும், ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கடும் வெயில் நாளில், ஏ.சி. இல்லாத அறையை மூடிவைத்து அப்பாவை உள்ளே படுக்கவைக்காதீர்கள். தூசு மெல்லக் கெடுக்கும், வெப்பம் அன்றைக்கே ஆளைச் சாய்த்துவிடும். அன்று சாலைக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவையுங்கள். பகலைவிட இரவில் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும், அப்போது நன்றாகத் திறங்கள். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி சூட்டைத்தான் வாரி அடிக்கும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, அக்கம்பக்கத்தில் குளிர்ந்த இடம் இருந்தால் அழைத்துப் போங்கள். சிறுநீர் பிரிவதற்கான மாத்திரையும் அவர் சாப்பிடுகிறார் என்றால் வெயில் காலத்தில் உடம்பு சீக்கிரம் வறண்டுபோகும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், தூசைப் பார்க்க ஒரு துறை, வெயிலைப் பார்க்க இன்னொரு துறை. இரண்டையும் சேர்த்து உங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

வெளியே போகும்போது என்95 முகக்கவசம், மூக்கோரம் இடைவெளி விடாமல்.

கருவி வந்ததும் முதல் வேலையாகப் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். வடிகட்டி பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அதைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டுகிற வீடுகள் நிறைய.