ஸ்பிரிங்கை வெட்டிய காருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க முடியுமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2011 மாடல் ஸ்விஃப்ட். பழைய ஓனர் ஸ்பிரிங்கை வெட்டிக் காரின் உயரத்தை இறக்கி வைத்திருக்கிறார். 15 வருடம் முடியப்போகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிடுவாரா? அன்றைக்கு மட்டும் நல்ல ஸ்பிரிங் மாட்டிக்கொண்டு போனால் போதுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: அவர் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு முன் நீங்களே ஒருமுறை குனிந்து பாருங்கள். பின்பக்கம் ஜாக்கி வைத்து, கட்டாயம் ஸ்டாண்டு கொடுத்து, இரண்டு சக்கரமும் தொங்குகிற மாதிரி தூக்குங்கள். ஸ்விஃப்டில் பின் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரோடு சேர்ந்திருக்காது, தனியாக உட்கார்ந்திருக்கும். ஒரிஜினலாக இருந்தால் பிடித்து ஆட்டினாலும் இறுக்கமாக நிற்கும், வெட்டியதாக இருந்தால் கடகடவென்று ஆடும், சில வண்டிகளில் கையோடு வந்துவிடும். ரோட்டில் ஏதோ ஒரு பள்ளத்தில் சக்கரம் இதே மாதிரி தொங்கி, ஸ்பிரிங் இடம் மாறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முனையையும் பாருங்கள். கம்பெனி ஸ்பிரிங்கின் முனை அதன் சீட்டில் பொருந்துகிற மாதிரி வளைந்திருக்கும். கிரைண்டரில் வெட்டியது கூராக நிற்கும், பெயிண்ட் போன இடத்தில் துரு பிடித்திருக்கும். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்கியிருந்தால் இன்னும் மோசம், எஃகின் பதமே போயிருக்கும்.

சுருளைக் குறைத்தால் ஸ்பிரிங் விறைப்பாகும். எட்டுச் சுருளில் இரண்டை எடுத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்தது, அதனால் இதை அடக்க முடியாது, போதாததற்கு மேலே கீழே போய்வரும் இடமும் குறைந்துவிட்டதால் வேகத்தடைக்கு வேகத்தடை பம்ப் ஸ்டாப்பரில் (கடைசி இடியைத் தாங்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும். 'ஸ்போர்ட்டியா இருக்கு' என்று சிலர் சொல்வது இந்த இடியைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, அன்றைக்கு மட்டும் மாட்டலாமா? காசு கொடுத்து நான்கு ஸ்பிரிங் வாங்கி மாட்டிய பிறகு, அதைக் கழற்றி வெட்டியதையே திரும்ப மாட்ட இன்னொரு லேபர் கொடுப்பீர்களா? புதியதையே அப்படியே விட்டுவிடுங்கள். வெட்டிய ஸ்பிரிங்கோடு விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தால், சொல்லாமல் செய்த மாற்றம் என்று கிளெய்மில் சிக்கல் வரும். ஷாக்கில் ஆயில் கசிகிறதா பார்த்து, அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட்டையும் செட் செய்யுங்கள், உயரம் மாறினால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஆர்.சி. புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25ஐ, ஆர்.சி. முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம்.

கேள்வி: பின்னால் ஆள் உட்கார்ந்தால் அடி தட்டுகிறது. ஸ்பிரிங் நடுவே சொருகும் ரப்பர் பஃபர் போடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பஃபர் ஒரு சுருளை அசையவிடாமல் பூட்டிவிடும், மிச்சச் சுருள்கள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: என் பிக்கப்பில் பின்னால் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போட்டேன். எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) பின் பிரேக் வீக் என்கிறார்கள். லைனிங் புதுசு. (வாசகர், நாமக்கல்)

பதில்: அடியில் படுத்து, பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே வால்வுக்குப் போகிறதா பாருங்கள். இருந்தால் லோடுக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். பட்டை போட்டதில் வண்டி உயர்ந்துவிட்டது, வால்வோ வண்டி காலி என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. லோடு ஏற்றினாலும் போதுமான அளவுக்கு இறங்காததால் முன் பிரேக்தான் எல்லாவற்றையும் இழுக்கும். பட்டையை எடுத்துவிட்டு, கம்பெனி சர்வீஸில் வால்வைச் சரிபார்த்து மறுபடி போங்கள். பட்டையைக் கூட்டினாலும் ஆர்.சி.யில் அனுமதித்த எடை கூடிவிடாது என்பதையும் லோடு ஏற்றுகிறவரிடம் சொல்லிவையுங்கள்.