வாசகர் கேள்வி

குடியாத்தம் வாசகர்: பெட்ரோல் வரியை ஏற்றினால்தான் ஜனங்களுக்குச் சிக்கனம் வரும் என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: யாருக்கு வரும்? வேலூர் கிரீன் சர்க்கிளில் நின்று பாருங்கள், மொபெட்டில் கீரைக்கட்டு ஏற்றி வரும் அம்மா சிக்னல் விழுந்ததும் வண்டியை அணைத்துவிடுகிறார், பக்கத்திலேயே கண்ணாடி ஏற்றிய கார் ஏசிக்காக ஓடிக்கொண்டே நிற்கிறது. மத்திய கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு, அந்த அம்மாவுக்கும் காருக்கும் ஒரே தொகை. 2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரி குறைத்தது, அந்த 3 ரூபாயை எண்ணிப் பார்த்தவர் மொபெட்காரர்தான். ஏற்கெனவே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவருக்குப் போய் எதற்குச் சிக்கனப் பாடம்? சரி, வரி வேண்டாம் என்று சொல்லவில்லை, பெரிய கார்மேல் கூட்டுங்கள், டவுன் பஸ்ஸைக் கூடுதலாக விடுங்கள்.