போட்டி கோல்ஃபில் முதல் டீயில், அதாவது முதல் அடியை அடிக்கும் இடத்தில், வரும் பதற்றத்தை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்டவர் சொல்லும் நிலைமை இது. நண்பர்களோடு ஆடும்போது எல்லாம் ஒழுங்காகப் போகிறது. போட்டி என்று வந்துவிட்டால் முதல் மூன்று ஹோல்களிலேயே (ஒரு டீயிலிருந்து ஒரு குழி வரை ஒரு ஹோல்) ஐந்தாறு ஸ்ட்ரோக்குகள், அதாவது அடிகள், வீணாகின்றன. நான்காவது ஹோலிலிருந்து பழைய ஆட்டம் திரும்பிவிடுகிறது. "என்னிடம் ஏதாவது கோளாறு இருக்கிறதா?" என்றும் கேட்டிருக்கிறார்.

கோளாறு ஒன்றும் இல்லை. நான் பதின்மூன்று ஆண்டுகளாக அமெச்சூர் போட்டிகளில் ஆடுகிறேன். என் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்லது) இப்போது 11. பெரிய ஆட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் முதல் டீயில் நின்று பயப்படுவதில் எனக்கு இருக்கும் அனுபவம் பலருக்கு இருக்காது.

என் முதல் போட்டியில் ஆட்டக்காரர்களை முறைப்படி அழைக்கும் ஸ்டார்டர் என் பெயரை வாசித்தார். பந்தைத் தாங்கும் சிறு குச்சியை (அதற்கும் டீ என்றுதான் பெயர்) தரையில் குத்திப் பந்தை மேலே வைத்தேன், உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. டீ நேராகத்தான் நின்றது, நடுங்கியது என் விரல்கள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். என் குழுவில் இருந்த, அறுபதைத் தாண்டிய ஒருவர் தாழ்ந்த குரலில், "தம்பி, அடிப்பதற்கு முன்னால் பந்து விழுந்தால் அபராதம் கிடையாது. நிதானமாக வையுங்கள்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார், விதியும் அதுதான். எனக்கோ, எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டுமே அதிலிருந்து புரிந்தது. எப்படியாவது அந்த இடத்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அவசரமாக டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் மட்டையை) வீசினேன். பந்தின் தலையில் பட்டது. அது முப்பது கஜம் புல்லில் ஓடி, அதே ஹோலில் சற்று முன்னால் இருக்கும் அடுத்த டீக்குக்கூடப் போய்ச் சேராமல் நின்றது. அந்த ஹோலில் என் கணக்கு 9.

அதே 9 எர்னி எல்ஸுக்கும் விழுந்திருக்கிறது என்பது பின்னாளில் எனக்குப் பெரிய ஆறுதல். மேஜர் எனப்படும் உச்சப் போட்டிகளில் நான்கு பட்டங்கள் வென்றவர் அவர். 2016 மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் நாள், முதல் ஹோலில், சுமார் மூன்றடி தூரத்திலிருந்து பந்தைக் குழியில் போட அவருக்கு ஆறு பட் (குழியை நோக்கிப் பந்தை மெல்ல உருட்டும் அடி) தேவைப்பட்டன. 2019 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷில் நடந்தபோது ரோரி மெக்கில்ராய் தன் சொந்த மண்ணில், தன் மக்கள் சூழ்ந்து நிற்க, முதல் அடியையே இடப்பக்கம் எல்லைக்கு வெளியே அனுப்பினார். அந்த ஹோலில் 8, அன்றைய மொத்தம் 79. மறுநாள் 65 அடித்தும் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் கட் (கடைசி இரண்டு நாள் ஆடும் தகுதி) தவறியது. ஆட்டம் தெரியாதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள்.

கோல்ஃபில் இது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? கால்பந்து ஆடுபவருக்கும் பதற்றம் உண்டு. ஆனால் விசில் ஊதியதும் அவர் ஓடத் தொடங்குகிறார், இரண்டு நிமிடத்தில் அது வியர்வையாகப் போய்விடுகிறது. நமக்கு ஓட்டம் இல்லை. உடம்பு அட்ரினலினைச் சுரந்து "ஓடு அல்லது சண்டை போடு" என்கிறது. நாமோ அசையாமல் நின்று, தரையில் கிடக்கும் சின்னப் பந்தை மென்மையாக அடிக்க வேண்டும். இதயம் வேகமாக அடிக்கிறது. க்ளப்பை, அதாவது மட்டையை, பிடித்த கை நமக்குத் தெரியாமலே இறுகுகிறது. கை இறுகினால் முன்கையும் தோளும் இறுகுகின்றன, பேக்ஸ்விங் (க்ளப்பைப் பின்னால் உயர்த்துவது) பாதியிலேயே நின்றுவிடுகிறது, மேலிருந்து கீழே வரும் அவசரத்தில் க்ளப் முகம் திறந்தபடி பந்தைத் தொடுகிறது. வலக்கைக்காரர்களின் பந்து வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போவது இப்படித்தான். நான்காவது ஹோலில் எல்லாம் சரியாகிவிடுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதற்குள் ஒரு மணி நேரம் நடந்திருப்பீர்கள், நடையிலேயே அது வடிந்துவிடும்.

ஆனால் உடம்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கு இது புரிய ஆறேழு ஆண்டுகள் பிடித்தது: முதல் அடியை நான் பயிற்சியே செய்திருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பயிற்சித் திடலான டிரைவிங் ரேஞ்சில் அறுபது பந்துகள் அடிக்கிறீர்கள். முதல் பத்துப் பந்துகளை யாராவது கணக்கில் வைக்கிறோமா? "உடம்பு சூடேறட்டும்" என்று விட்டுவிடுகிறோம். நண்பர்களோடு ஆடும்போதோ முதல் டீயில் மல்லிகன் உண்டு. முதல் அடி மரத்துக்குள் போனால் சிரித்துக்கொண்டே பையிலிருந்து இன்னொரு பந்தை எடுக்கிறோம், அதைப் பாவம் என்று யாரும் நினைப்பதில்லை. அதாவது, அன்றைய நாளின் முதல் அடி, அதுவும் கணக்கில் சேரும் அடி என்ற ஒன்றை நாம் போட்டியில் தவிர வேறெங்கும் அடிப்பதே இல்லை. ஆண்டுக்கு எட்டுப் போட்டி ஆடுபவர் ஆண்டுக்கு எட்டு முறைதான் அதை அடிக்கிறார். எட்டு முறை மட்டுமே செய்யும் ஒரு காரியத்தில் கை நடுங்காவிட்டால்தான் அதிசயம்.

ஆகவே நான் முதலில் சொல்வது: மல்லிகனை ஒழியுங்கள். நண்பர்கள் எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் எடுக்காதீர்கள். முதல் பந்து எங்கே கிடக்கிறதோ அங்கே போய் அடியுங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும். எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம், மோசமான முதல் அடிக்குப் பிறகு எப்படி ஆடுவது என்பதைக் கற்றுக்கொண்டதுதான். மரத்தடியிலிருந்து பக்கவாட்டில் தட்டி ஃபேர்வேக்கு (புல் வெட்டிய நடுப்பாதைக்கு) வந்து, போகியோ டபுள் போகியோ (ஹோலுக்கு நிர்ணயித்த அடிகளான பாரைவிட ஒன்றோ இரண்டோ கூடுதல்) எடுத்து நகர்வதைப் பலமுறை செய்தவனுக்கு மரம் அவ்வளவு பயங்கரமாகத் தெரியாது.

இரண்டாவது, ரேஞ்சில் செய்வது. வாரத்தில் ஒரு நாள் நான் ரேஞ்சுக்குப் போய் நேராகப் பந்தடிக்க ஆரம்பிப்பதில்லை. ஒரு பெஞ்சில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். எழுந்து போய், முதல் ஹோலின் ஃபேர்வே அகலத்துக்கு இரண்டு அடையாளங்களை மனதில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பந்தை அடிப்பேன். உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று ஒரு சிறு நோட்டில் குறிப்பேன். பிறகு க்ளப்பை வைத்துவிட்டு பட்டிங் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனைப் போன்ற பயிற்சி இடத்துக்கு) போய்விடுவேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து மறுபடி ஒரே பந்து. ஒரு மாலையில் ஆறு பந்துகளுக்கு மேல் இப்படி அடிக்க முடியாது. பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அந்த ஒற்றைப் பந்துக்கு முன்னால் நெஞ்சு லேசாகத் துடிக்க ஆரம்பிக்கும் பாருங்கள், அதுதான் வேண்டும். நோட்டில் முதல் மாதம் ஆறுக்கு இரண்டு உள்ளே விழுந்தன. இப்போது நான்கு விழுகின்றன. இந்த நான்கு என்ற எண்ணை நான் டீயில் நிற்கும்போது நினைத்துக்கொள்வதுண்டு.

போட்டி நாளுக்கு வருவோம். சீக்கிரம் போய்ச் சேருங்கள் என்பது எல்லோரும் சொல்வதுதான். தாமதமானால் என்ன ஆகும் என்பதைச் சிலர் அறிந்திருப்பதில்லை. ஐந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளேயில் முதல் ஹோலில் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம். நான் ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிறேன். முதலில் பட்டிங், பிறகு கிரீனை நோக்கித் தூக்கிப் போடும் சிறிய சிப்கள், கடைசியாக ரேஞ்ச். ரேஞ்சில் அன்றைக்கு ஸ்விங்கைத் திருத்தவே மாட்டேன். பந்து வலப்பக்கம் போகிறதென்றால் அன்றைக்கு அது வலப்பக்கம்தான் போகும் என்று ஏற்றுக்கொண்டு குறியைச் சற்று இடப்பக்கம் வைப்பேன். ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது யூடியூபில் பார்த்த புதிய பிடியை முயன்று பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

முதல் அடிக்கு எந்த க்ளப் என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். டீயில் நின்று முடிவு செய்தால் கர்வம்தான் முடிவு செய்யும். மற்ற மூவரும் டிரைவர் எடுத்தார்களே என்று நீங்களும் எடுப்பீர்கள். தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டாலும் எந்த க்ளப்பால் பந்தை நேராக 150 கஜம் தள்ளிவிடுவீர்களோ அதுதான் முதல் அடிக்கான க்ளப். எனக்கு அது ஹைபிரிட். "டிரைவரை விட்டுவிடு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. என் நண்பர் ஒருவருக்கு டிரைவரைவிட, அதைவிடச் சற்றுக் குட்டையான 3 வுட் க்ளப்தான் அதிகம் பிசகும். அவர் அதைப் பாதுகாப்பு என்று நம்பிக் கையில் எடுத்தால் அது வீண் வம்பு.

டீயில் காத்திருக்கும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். நாலு எண்ணிக்கையில் இழுத்து, எட்டு எண்ணிக்கையில் விடுவது என் கணக்கு. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது என்பது உடலியல், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பிறகு க்ளப்பை வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்துவிட்டு மெதுவாகத் தளர்த்துங்கள். "தளர்வாகப் பிடி" என்று மனதுக்குச் சொன்னால் கை கேட்பதில்லை. இறுக்கிவிட்டுத் தளர்த்தினால் அதற்கு வித்தியாசம் தெரிகிறது.

அடிக்கும் நேரத்தில் மனதில் என்ன ஓட வேண்டும்? ஸ்விங் ஓடக் கூடாது என்பதுதான் என் பதில். உளவியலாளர் சியன் பைலாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. அனுபவமுள்ள கோல்ஃபர்களைத் தங்கள் பட்டிங் அசைவையே கவனித்தபடி அடிக்கச் சொன்னார்கள். வேறொரு சுற்றில், ஒலிகளைக் கேட்டுக்கொண்டே அடிக்கச் சொன்னார்கள். கவனம் வேறு பக்கம் போனபோதுதான் அவர்கள் நன்றாக அடித்தார்கள். பழகிய கையை மூளை மேற்பார்வை பார்க்க வந்தால் கை தடுமாறுகிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இது நேர்மாறாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பந்துக்கு மேல் நின்றதும் ஒரு பழைய தாலாட்டின் முதல் வரியை உதட்டை அசைக்காமல் முனகுவேன். "கண்ணே" என்னும்போது க்ளப் மேலே போகும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது.

"அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று சொல்லிக்கொள்வது எனக்கு ஒருநாளும் பயன்பட்டதில்லை. ஆய்வாளர் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப்பேச்சு, பாட்டு, கணக்கு ஆகியவற்றுக்கு முன்னால் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. படபடக்கும் நெஞ்சை ஓயச் சொன்னால் கேட்காது. அந்தப் படபடப்புக்கு வேறொரு பெயர் வைத்தால் ஒத்துக்கொள்கிறது.

மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் போட்டியின்போது கோல்ஃபில் தடை செய்யப்பட்டவை. மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடுவது வேறு ஆபத்து. வேண்டாம்.

இன்னொன்று, ஸ்கோர் கார்டு. முதல் மூன்று ஹோல்களுக்கு நானே ஒரு பார் வைத்துக்கொள்கிறேன்: கார்டில் உள்ளதைவிட ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடுதல். என் ஹேண்டிகேப்புக்கு அது நியாயமான கணக்குதான். போகி எடுத்தால் நான் எதையும் இழக்கவில்லை, பார் கிடைத்தால் லாபம். 2025 மாஸ்டர்ஸ் கடைசி நாளில் மெக்கில்ராய் முன்னிலையோடு தொடங்கி முதல் ஹோலிலேயே டபுள் போகி எடுத்தார். இருந்த முன்னிலை அங்கேயே கரைந்தது. அன்று மாலை, சமநிலையை முடிவு செய்யும் பிளேஆஃபில் ஜஸ்டின் ரோஸை வென்று பட்டத்தை வாங்கியவரும் அவரேதான். முதல் ஹோலில் போனது இரண்டு ஸ்ட்ரோக்குகள் மட்டும்தான். அதை ஈடுகட்ட இரண்டாவது ஹோலில் மரத்துக்கு மேலே அடிக்கப் பார்ப்பதில்தான் நம்மைப் போன்றவர்கள் அடுத்த நான்கை இழக்கிறோம்.

சின்ன விஷயம், ஆனால் முதலிலேயே தெரிந்திருந்தால் எனக்கு ஓர் அவமானம் குறைந்திருக்கும். டீயைக் குத்திவிட்டுப் பந்தை வைக்காதீர்கள். பந்தை உள்ளங்கையில் வைத்து, டீயை அதன் அடியில் இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, பந்தாலேயே அழுத்தித் தரையில் இறக்குங்கள். கை எவ்வளவு நடுங்கினாலும் பந்து அதன் இடத்தில் இருக்கும்.

போன மாதப் போட்டியிலும் எனக்குக் கை நடுங்கத்தான் செய்தது. ஹைபிரிட்டை எடுத்தேன், மூச்சை விட்டேன், தாலாட்டை முனகினேன். பந்து வலப்பக்க ரஃபில் (நீண்ட புல்லில்) போய் விழுந்தது. அங்கிருந்து கிரீனுக்கு முன்னால் வரை தள்ளி, சிப் செய்து, இரண்டு பட்டில் முடித்து, 5 என்று எழுதினேன். இரண்டாவது டீக்கு நடந்தபோது குழுவில் இருந்தவரோடு எதையோ பேசிக்கொண்டே போனேன். நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. எந்த இடத்தில் நின்றது என்று கவனிக்கவில்லை.