பட்டறையில் ஒரு டைனோ (எஞ்சினின் திறனை அளக்கும் கருவி): கேள்வி பதில்

கேள்வி: சார், பாலிடெக்னிக் ப்ராஜெக்டுக்கு 5 எச்.பி. டீசல் பம்ப்செட் எஞ்சினின் திறனை அளக்க வேண்டும். கையில் காசு அதிகம் இல்லை.

பதில்: கயிற்று பிரேக் போதும் தம்பி. 1821-இல் பிரான்சில் ப்ரோனி செய்த பிரேக்கின் பங்காளிதான் இது. ஃப்ளைவீலில் ஒரு டிரம்மை போல்ட் போட்டு, அதன்மேல் கயிற்றைச் சுற்றுங்கள். ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. எடையில் தராசு காட்டுவதைக் கழித்தால் நிகர இழுப்பு.

அது 15 கிலோ, டிரம்மின் ஆரம் 15 செ.மீ., கயிறு 2 செ.மீ. தடிமன், வேகம் 1500 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். 15 × 9.81 × 0.16 = 23.5 நியூட்டன் மீட்டர். அதை 1500-ஆல் பெருக்கி, கிலோவாட்டாக மாற்றும் எண்ணான 9549-ஆல் வகுத்தால் 3.7 கிலோவாட், ஏறக்குறைய 5 எச்.பி. 0.15 போடாமல் 0.16 போட்டதைக் கவனியுங்கள். கயிற்றின் பாதித் தடிமனும் ஆரத்தில் சேரும். அதை விட்டால் 6 சதவீதம் போச்சு.

அந்த 3.7 கிலோவாட்டும் டிரம்மில் சூடாகத்தான் இறங்கும். உள்பக்கம் பள்ளமுள்ள டிரம்மாகப் பாருங்கள். ஓடும்போது தண்ணீர் ஊற்றினால் விளிம்போடு ஒட்டிச் சுற்றிக் கொதித்து ஆவியாகும். மணிக்கு 5 லிட்டர் குடிக்கும். நைலான் உருகும், பருத்திக் கயிறு வாங்குங்கள். கருகல் வாடை வந்தால் எஞ்சினை நிறுத்துங்கள். எடைக்கல்லுக்கு அடியில் கால் வேண்டாம். டிரம் உடைந்தால் துண்டு பறக்கும் நேர்க்கோட்டில் ஆளே வேண்டாம்.

கேள்வி: அண்ணா, 100 சிசி பைக்கின் பின்சக்கரத்தை ஏற்றிச் சுழலவிட்டுத் திறன் அளக்க ஒரு டிரம் வேண்டும். பழைய குழாயில் கான்கிரீட் நிரப்பினால் போதுமா?

பதில்: கூடவே கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் விளிம்பில் இழுவிசை நான்கு மடங்காகும். கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். பேலன்ஸும் வராது.

லேத்தில் கடைந்த முழு ஸ்டீல் உருளை வேண்டும். 40 செ.மீ. விட்டம், 30 செ.மீ. நீளம் என்றால் சுமார் 300 கிலோ. 80 கி.மீ. வேகத்தில் 37 கிலோஜூல் அதில் ஏறியிருக்கும். சக்கரத்தில் 5 கிலோவாட் வந்தால் ஏழு விநாடிக்கு மேல் ஆகும், நிதானமாக அளக்கலாம். அதே விட்டத்தில் 100 கிலோ டிரம் என்றால் இரண்டரை விநாடியில் கதை முடிந்துவிடும். ஷாஃப்டில் காந்தம், பக்கத்தில் அந்தக் காந்தத்தை உணரும் ஹால் சென்சார், கணக்குப் போட ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை: வேகம் ஏறும் விதத்திலிருந்து திறன் கிடைக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் அந்தச் சக்தி டிரம்மில்தான் இருக்கும். அதற்குத் தனி டிஸ்க் பிரேக், சுற்றிலும் ஸ்டீல் கூண்டு. நேர்க்கோட்டில் நிற்காதீர்கள்.

கேள்வி: ஏர் ஃபில்டர் மாற்றினால் எத்தனை எச்.பி. கூடும்?

பதில்: அளந்து பாருங்கள். டைனோ எதற்கு?

கேள்வி: கம்பெனி 8 எச்.பி. என்கிறது, என் டிரம்மில் 6.4. பதினைந்து சதவீதம் கூட்டினாலும் 7.4 தான். மீதி எங்கே?

பதில்: அந்தப் பதினைந்தை யார் கொடுத்தது? கம்பெனி சொல்வது கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டில், வரும் திறன். கியர், செயின், டயர் தின்றது போக மீதிதான் டிரம்முக்கு. காற்றுக் குறைந்த டயர் அதிகம் தின்னும், தொய்ந்த செயினும் அப்படித்தான்.

கேள்வி: எல்லோரும் பதினைந்துதானே சார் போடுகிறார்கள்?

பதில்: போடட்டும். ஓட்டத்தின் முடிவில் கிளட்சைப் பிடித்து, டிரம் தானாக வேகம் குறைவதையும் பதிவு செய்யுங்கள். டயரும் செயினும் எவ்வளவு தின்கின்றன என்று தெரியும். சுமையில் கியர் தின்பது மட்டும் இதில் முழுதாக வராது.

கேள்வி: நான் ஊட்டி. அதே பைக் இங்கே 5.3 தான் காட்டுகிறது. நீங்கள் சொல்வதும் தப்பு, 6.4 என்றவர் சொல்வதும் தப்பு!

பதில்: உங்கள் ஊர் 2,240 மீட்டர் உயரம். கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு, எஞ்சின் என்ன செய்யும்? அளந்த அன்றைய காற்றழுத்தமும் வெப்பநிலையும் எழுதாத எண்ணைக் கொண்டு சண்டை போடாதீர்கள், இரண்டு பேரும்தான்.

கேள்வி: மொபைல் ஆப்பில் எச்.பி. பார்க்கலாமா?

பதில்: ஆப் வண்டியின் எடையை வைத்துத்தான் கணக்குப் போடும். எடையைத் தப்பாகக் கொடுத்தால் எச்.பி.யும் தப்பாகத்தான் வரும்.

கேள்வி: மழைக்கு ஷெட்டை மூடிக்கொண்டு ஓட்டலாமா?

பதில்: கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. கதவைத் திறங்கள், ஃபேனைப் போடுங்கள், நேர்க்கோட்டில் நிற்காதீர்கள்.